தைலமரத் தோப்புக் காளான்

பட்டாசுக் கம்பெனி வேன் ஆஸ்பத்திரிக்கு வந்தால், வருகிற விதத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். டிரைவர் வண்டியை அணைக்க மாட்டார். நிற்பதற்கு முன்பே கதவு திறந்திருக்கும். உள்ளே இருக்கிற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

தீபாவளி லீவு முடிந்து கம்பெனிகள் மறுபடி திறந்த சமயம். நாலைந்து நாள் நல்ல மழை பெய்து, அன்றுதான் வெயில் தலைகாட்டியிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். வேனைப் பார்த்ததும் ஊசித் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். தீக்காயத்துக்கு வேண்டியதை எடுத்து வைக்கச் சொல்லிக்கொண்டே ஓடினேன். சிவகாசியில் விஸ்வநத்தம் ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பாதி ஆயுளைக் கழித்த நர்ஸுக்கு வேறு என்ன தோன்றும்?

ஆனால் அவர்கள் தூக்கி இறக்கிய பெண்ணின் உடம்பில் ஒரு பொறி பட்ட தடம்கூட இல்லை. முப்பது வயது இருக்கும். கட்டியிருந்த நூல் சேலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அத்தனையும் வியர்வை. கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தது. வாயில் எச்சில் நூலாக இறங்கியது. மூச்சு விடும்போது நெஞ்சில் கொழகொழவென்று சத்தம்.

“மருந்து ஏறிருச்சு சிஸ்டர்! சாப்பிட்டுட்டு வந்து உக்காந்தா. அப்படியே சரிஞ்சுட்டா” என்றாள் கூட வந்தவள்.

எங்கள் பக்கம் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான். தலைவலித்தாலும் மருந்து, பேதியானாலும் மருந்து. ஒரு ஆள் கம்பெனியில் சுருண்டு விழுந்தால் வேறு காரணமே இருக்க முடியாது என்பது இங்கே சட்டம். முதலில் உள்ளங்கையைத்தான் பார்ப்போம், அலுமினியப் பொடி ஏறி வெள்ளியாக மின்னுகிறதா என்று. இவள் கை சுத்தமாக இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிய கை.

சின்ன டாக்டர் வந்தார். எங்கள் பெரிய டாக்டரின் மகன். டார்ச்சை எடுத்து அவள் கண்ணில் அடித்துப் பார்த்தார். கண்மணி கடுகு போலச் சுருங்கிக் கிடந்தது.

என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான். இது கம்பெனி மருந்து இல்லை. பூச்சிமருந்து.

வாடை எங்கே?

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான் நர்ஸ் வேலைக்குப் படித்த காலத்தில் ஆமத்தூர்ப் பக்கமெல்லாம் பருத்திக்காடு. காட்டுக்கு அடிக்கிற மருந்தை மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்திலேயே வீட்டில் வைத்திருப்பார்கள். புருஷன் அடித்தாலும், பரீட்சையில் தோற்றாலும், காதலை வீட்டில் மறுத்தாலும், கைக்கு எட்டுகிற தூரத்தில் அந்தப் பாட்டில் இருந்தது. வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள். வியர்வை, எச்சில், கண்ணீர், கடுகுக் கண். இந்த நான்கையும் ஒன்றாகப் பார்த்தால் தூக்கத்திலும் சொல்லிவிடுவோம். எங்கள் ஜில்லாவில் வேலை பார்த்த எந்த நர்ஸைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள்.

“வாடையே இல்லையே டாக்டர்” என்றேன். பூச்சிமருந்து குடித்தவர்களிடம் ஒரு வாடை வரும். பூண்டும் பெட்ரோலும் கலந்த மாதிரி. துணியை மாற்றினாலும் போகாது.

“சில மருந்துல வாடை வராது சிஸ்டர். முதல்ல ஊசியைப் போடுங்க.”

அதுவும் சரிதான். உயிர் போகிற நேரத்தில் வாடையைப் பற்றி வழக்காட முடியாது. அட்ரோபின் ஊசியை ஏற்ற ஆரம்பித்தோம். வியர்வை நின்று, நெஞ்சுச் சத்தம் அடங்கி, நாடி எழும்பும்வரை திரும்பத் திரும்பப் போடவேண்டிய ஊசி அது. இரைப்பையைக் கழுவலாம் என்றால், எல்லாவற்றையும் வேனிலேயே வாந்தி எடுத்திருந்தாள்.

“என்னம்மா குடிச்ச? சொல்லு, திட்ட மாட்டேன்” என்று அவள் காதருகே கேட்டேன்.

“ஒண்ணும் குடிக்கல சிஸ்டர். சத்தியமா குடிக்கல.”

“என்ன சாப்பிட்ட?”

“சோறு... கொழம்பு...”

குடித்தவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்வார்கள். அது அவர்கள் தப்பு இல்லை. போலீஸுக்குத் தகவல் போகும், ஊர் பேசும் என்ற பயம்.

தனியாக உட்கார்ந்தவள்

அவள் பெயர் செல்வராணி. செல்வி என்று கூப்பிடுவார்கள். மேற்கே மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் முருகேசன் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்ப்பவன். மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்பிள்ளை. வீட்டில் நாலாவது ஆள், மாமியார் குருவம்மாள்.

கூட வந்த பெண்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொல்ல, செல்விக்கு எதிரான சாட்சி கூடிக்கொண்டே போனது. கம்பெனியில் எல்லாரும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, கொண்டுவந்ததைப் பங்கு போட்டுச் சாப்பிடுவதுதான் வழக்கம். அன்றைக்கு அவள் தனியாகப் போய் உட்கார்ந்திருக்கிறாள். யாருக்கும் ஒரு வாய் கொடுக்கவில்லை. முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிட்ட கையோடு டப்பாவைக் குழாயில் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

“காலைல மாமியாரோட சண்டையாம் சிஸ்டர். தெருவே கேட்டிருக்கு” என்றாள் ஒருத்தி.

அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். எங்கள் வராந்தாவுக்கு நீதிமன்றத்தைவிட வேகம் அதிகம்.

முருகேசன் கையில் மை காயாமல் பிரஸ்ஸிலிருந்து ஓடிவந்தான். பின்னாலேயே குருவம்மாள். ஒல்லியான, நிமிர்ந்த கிழவி. சமீபத்தில் காய்ச்சலில் கிடந்து எழுந்ததில் கன்னம் ஒட்டியிருந்தது. டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் முருகேசன் தன் தாயைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி.

“அவள என்னம்மா சொன்ன?”

குருவம்மாள் மகனைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள்.

“சிஸ்டரு, எம் மருமக மருந்து குடிக்கிறவ இல்ல. வேற ஏதோ. நல்லாப் பாருங்க.”

“பார்த்தாச்சும்மா. நீங்க வெளிய இருங்க” என்றேன். நான் பரிவோடு பேசுகிற ஜாதி இல்லை. வேலை நேரத்தில் இன்னும் மோசம்.

காற்றில் சரம்

ஊசி ஏற ஏறச் செல்வியின் வியர்வை குறைந்தது. ஆனால் அந்த ஊசிக்கு ஒரு குணம் உண்டு. கூடினால் ஆளைப் பிதற்ற வைக்கும். செல்வி கண்ணைத் திறந்தபடியே காற்றில் சரம் பின்ன ஆரம்பித்தாள். இரண்டு கை விரல்களும் இல்லாத வெடியை எடுத்து, இல்லாத நூலில் கோத்து, இழுத்து முடிந்தன. என்ன வேகம்! “லோடு ஏத்தணும், சீக்கிரம் குடுங்க” என்று என்னையும் வேலை வாங்கினாள். சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் அவளுடைய அண்ணன் மாரிச்சாமி வந்து சேர்ந்தார். யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். வழியில் பள்ளிக்கூடத்துக்குப் போய், தங்கை மகளையும் யூனிபாரத்தோடு பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். தங்கை காற்றில் சரம் பின்னுவதைப் பார்த்ததும் மனிதர் ஆடிப்போய்விட்டார். வராந்தாவுக்கு வந்து கத்தின கத்தலில் மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“எந் தங்கச்சியக் கொல்லப் பாத்துட்டீகளே! அவ கண்ணு முழிக்கட்டும். அவளையும் புள்ளையையும் இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன். போலீஸ்ல இந்தக் கெழவி பேர எழுதிக் குடுத்துட்டுத்தான் போவேன். எலே முருகேசா, இனி எங்க ஊர்ப் பக்கம் தலை வச்சும் படுக்காத!”

முருகேசன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டர் ஏற்கெனவே ஸ்டேஷனுக்குப் போன் செய்திருந்தார். விஷம் குடித்த கேஸ் என்றால் சொல்லித்தான் ஆகவேண்டும். சாயங்காலம் போலீஸ்காரர் வருவார், மாரிச்சாமி சொல்வதை எழுதிக்கொள்வார், பிறகு அந்தக் குடும்பம் ஒட்டாது. நான் இப்படி உடைந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பிழைத்து வந்தவளையும் “குடிச்சவ” என்றே ஊர் கடைசிவரை சொல்லும். பிள்ளையை நினைக்காமல் குடித்தவள் என்பார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், குருவம்மாளைக் காணோம். ஓடிவிட்டாள் என்றார்கள் வராந்தாவில்.

ஷேர் ஆட்டோ

நாலு மணி டீ வந்திருந்தது. நான் தம்ளரை வாயில் வைக்கப்போன நேரம் ஒரு ஷேர் ஆட்டோ வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்தார்.

“சிஸ்டர், இந்தக் கெழவி என்னத்தையோ குடிச்சிருச்சு!”

குருவம்மாள் சீட்டில் சாய்ந்து கிடந்தாள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண்ணீர், எச்சில், கொழகொழத்த மூச்சு. மத்தியானம் செல்வி வந்த அதே கோலம். மடியில் ஒரு கட்டைப்பை. அதை மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“பயத்துல குடிச்சிருக்கு, பாத்தீகளா?” என்றார் மாரிச்சாமி.

செல்வியின் பக்கத்துக் கட்டிலிலேயே கிழவியைப் போட்டோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். அதே கடுகுக் கண். ஆனால் வயதான உடம்பு. நாடி இறங்கிக்கொண்டே போனது. நான் ஊசியை எடுக்கத் திரும்பினால், கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு பையைக் காட்டினாள்.

பையில் ஒரு குழம்புச் சட்டி இருந்தது. வழித்துத் தின்ற காலிச் சட்டி. அதோடு காகிதத்தில் சுற்றிய நாலைந்து காளான். செல்வி சமையலுக்கு ஆய்ந்தபோது கழித்துப் போட்டவை. குப்பையிலிருந்து பொறுக்கி வந்திருக்கிறாள். பழுப்பு நிறம், நடுவில் சின்னக் குமிழ், அதிலிருந்து விளிம்புவரை தலைமுடி வாரியது போலக் கோடு கோடாக இருந்தது.

“இதத்தான்... அவ... தின்னா” என்றாள் எச்சிலுக்கு நடுவே. “நானும் தின்னேன். இப்பப் பாருங்க.”

டாக்டர் ஒரு கையால் ஊசியைப் போட்டுக்கொண்டே, இன்னொரு கையால் போனில் தேடினார். சில காளான்களின் விஷம் பூச்சிமருந்து செய்கிற அதே வேலையை உடம்பில் செய்யும் என்று அதிலேயே இருந்தது. அதே வியர்வை, அதே கண். கொடுக்கவேண்டிய ஊசியும் அதேதான். டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். நல்லவேளை, நாங்கள் தப்பாக நினைத்தும் சரியாக வைத்தியம் பார்த்திருந்தோம்.

“அதுக்கு நீங்க ஏம்மா தின்னீங்க? சட்டியோட கொண்டு வந்திருக்கலாமே!” என்றார் அவர்.

“சொன்னா நம்புவீகளா? கெழவி தப்பிக்கக் கதை கட்டுதான்னுவீக.”

நான் மாரிச்சாமியைப் பார்த்தேன். அவர் கீழே பார்த்தார்.

காளான் என்றால்...

கதையை இங்கே நிறுத்தி, காளானைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பில் காளான் ஏறியதே இல்லை. என் அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். குடை பிடித்துக்கொண்டு நிற்கிற எதையும் தின்னக் கூடாது என்பது அவருடைய கட்டளை. சிவகாசியில் தள்ளுவண்டிக் காளான் வந்த பிறகுதான் நான் வாயில் வைத்தேன். அதில் முட்டைக்கோஸைத் தள்ளிவிட்டுக் காளானைத் தேட வேண்டும். அந்த வகையில் அது பாதுகாப்பான பதார்த்தம்.

செல்வி வளர்ந்தது வேறு மாதிரி. மலையடிவாரத்தில் மழை பெய்தால் புற்றில் வெள்ளையாக முளைக்கிற காளானைப் பறித்துக் குழம்பு வைத்தே வளர்ந்தவள். அவள் வேலை பார்த்த கம்பெனிக்குப் பின்னால் ஒரு தைலமரத் தோப்பு இருந்தது. லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், சருகுக்கு நடுவே கூட்டம் கூட்டமாக இவை நின்றிருக்கின்றன. பழுப்பாக இருக்கிறதே என்று யோசித்தாளாம். கரிசல் மண்ணில் நிறம் மாறும்போல என்று நினைத்துக்கொண்டாளாம். மண் மாறினால் காளான் மாறும் என்பது அவள் கணக்கு. இதற்கு மண் இல்லை, மரம்தான் கணக்கு என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

பிறகு ஒரு நாள் டாக்டரின் நண்பர், கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர், அந்தத் தோப்புக்கு வந்தார். நானும் போயிருந்தேன். ஒரு குச்சியால் சருகை விலக்கி, காளானின் அடியை மெதுவாகத் தோண்டிக் காட்டினார். வெள்ளை நூல் போல ஒன்று போய்த் தைலமரத்தின் மெல்லிய வேரைச் சுற்றியிருந்தது. மண்ணிலிருந்து நீரையும் சத்தையும் உறிஞ்சி இது மரத்துக்குக் கொடுக்குமாம். மரம் தன் இலையில் ஆக்கிய உணவில் இதற்குப் பங்கு தருமாம். அந்த மரத்தை வெட்டிவிட்டால் இதுவும் அங்கே முளைக்காது. புற்றுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

“மரத்துக்கு இவ்வளவு நல்லது செய்யுது. எங்களுக்குன்னு வந்தா மட்டும் ஏன் சார் இப்படி?” என்று கேட்டேன்.

“அதை யாரும் உங்களைச் சாப்பிடச் சொல்லலையே சிஸ்டர்” என்றார். நியாயம்தான். அது பாட்டுக்கு மரத்தடியில் நின்றது. நாங்கள்தான் அதைச் சட்டிவரை கொண்டுவந்தோம்.

பக்கத்துக் கட்டில்

சாயங்காலம் போலீஸ்காரர் வந்தார். டாக்டர் அவரிடம் சட்டியைக் காட்டி விளக்கினார். காளானை ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, சட்டியிலிருந்து தள்ளி நின்று கேட்டுக்கொண்டார். புகார் ஏதும் உண்டா என்று கேட்டதற்கு மாரிச்சாமி தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று.

குருவம்மாளின் நாடி மேலேற நேரம் பிடித்தது. ஒரு கட்டத்தில் எனக்கே பயம் வந்துவிட்டது. வார்டில் நின்றுகொண்டு வெளிப்படையாகவே ஜெபித்தேன். முருகேசன் தாயின் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். விளக்குப் போடுகிற நேரத்துக்குத்தான் கிழவியின் மூச்சு சீரானது.

அதற்குள் செல்விக்குத் தெளிவு வந்திருந்தது. நடந்ததை நான் சொன்னேன். அவள் திரும்பிப் படுத்துப் பக்கத்துக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலைச் சண்டை என்னவென்று அப்போதுதான் எனக்குச் சொன்னாள். தீபாவளிக்கு முன்னால் அவளுடைய கம்பெனியில் ஒரு ஷெட் தீப்பிடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இனி மருமகள் அங்கே போகக் கூடாதென்று குருவம்மாள் பிடிவாதம். முதல் நாள் எப்படியோ போய்விட்டாள். மறுநாள் காலையில் கிழவி வாசலை மறித்து நின்று கத்தியிருக்கிறாள். செல்வியும் விடவில்லை. தெரு கேட்டது அதைத்தான். காய்ச்சலுக்குப் பிறகு நாக்குக் கசக்கிறது என்று சொன்ன மாமியாருக்காகத்தான், விடியற்காலையில் எழுந்து அந்தக் காளானை ஆக்கியிருந்தாள். தனக்கென்று டப்பாவில் கொஞ்சம்தான் எடுத்துக்கொண்டாள். பங்கு போட அதில் ஒன்றும் இல்லை என்றுதான் தனியாக உட்கார்ந்தாளாம். கோபமும் இருந்ததாம்.

“அத்தை கோவத்துல தொடாம விட்டாக சிஸ்டர். தொட்டிருந்தா ஆளில்லாத வீட்ல தனியாவே போயிருப்பாக.”

குருவம்மாள் கண் விழித்தாள். ஊசியில் வாய் உலர்ந்து உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. பஞ்சை நனைத்துத் தடவினேன். முதலில் மருமகளைத் தேடினாள்.

“ஏன்த்தை அம்புட்டையும் தின்னீக?” என்றாள் செல்வி. அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள். “தெரிஞ்சுக்கிட ஒரு வாய் போதாதா?”

“எனக்குன்னு வச்சது தான?” என்றாள் கிழவி.

செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். முருகேசன் எழுந்து வெளியே போய்விட்டான். கட்டிலுக்கு அருகில் நின்ற பிள்ளை யாரையும் கேட்காமல் பாட்டியின் காலடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வாசல்படியில் மாரிச்சாமி நின்றிருந்தார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அத்தனை பேர் முன்னிலையில் அத்தனை வசவு வைத மனிதர். என்ன சொல்லி உள்ளே வருவது என்று தெரியாமல் தோளில் கிடந்த துண்டை எடுப்பதும் போடுவதுமாக இருந்தார். கிழவி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

“மாரிச்சாமித் தம்பியா? ஏன் அங்கன நிக்கிறீக, உள்ள வாங்க. மத்தியானத்துல இருந்து அலையுறீகளே, ஏதாச்சும் சாப்பிட்டீகளா?”

அவர் கஞ்சி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெகு நேரமாகியும் ஆள் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிப் படியில், காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தார்.